இ-லேர்னிங்குக்குப் புதியவரா? எந்தக் கருவியை எப்போது திறப்பது

ஆன்லைன் பாடம் தயாரிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவருக்கு யாராவது ஒருவர் உடனே நூறு கருவிகள் கொண்ட பட்டியலை அனுப்பிவைப்பார். நல்லெண்ணத்தில்தான் அனுப்புகிறார், ஆனால் பட்டியலால் ஒரு பாடமும் முடிந்ததாக நான் பார்த்ததில்லை. அதனால் இங்கே வேறு மாதிரி போகலாம். ஐந்து நிமிடத்தில் முடியக்கூடிய ஒரு குட்டிப் பாடத்தை எடுத்துக்கொண்டு, அதை முதலிலிருந்து கடைசிவரை செய்து முடிப்போம். வழியில் எங்கே எது தேவையோ அதை மட்டும் அங்கேயே கையில் எடுப்போம். பெரும்பாலும் இலவசமானவை, இல்லையென்றால் பழகிப் பார்க்கும் அளவுக்காவது இலவசமாகக் கிடைப்பவை.

பாடம் இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வாடிக்கையாளர் சேவையில் புதிதாகச் சேர்ந்த ஊழியர், கோபமாகப் போன் செய்பவரிடம் முதல் ஒரு நிமிடம் எப்படிப் பேச வேண்டும்.

படி 1: பாடம் எங்கே ஓடப் போகிறது என்று கேளுங்கள்

புதியவர்கள் பலரும் முதலில் மென்பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பாடத்தை முழுக்கச் செய்து முடித்த பிறகுதான் அதை எங்கே ஏற்றுவது என்று கேட்கிறார்கள். தலைகீழ். கற்பவர் பாடத்தை எங்கே திறப்பார், அவர் முடித்தார் என்பதை நிர்வாகம் எப்படித் தெரிந்துகொள்ளும் என்ற இரண்டுக்கும் பதில் கிடைத்தாலே, பாதிக் கருவிகள் தாமாகக் கழன்றுவிடும்.

நிறுவனங்களில் பெரும்பாலும் எல்எம்எஸ் என்கிற கற்றல் மேலாண்மைத் தளம் ஒன்று இருக்கும். பாடம் அந்தத் தளத்தோடு பேசுவதற்கு ஒரு பொது மொழி வேண்டும், அதுதான் ஸ்கார்ம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஏடிஎல் என்ற திட்டத்தில் பிறந்தது. 2001இல் வந்த ஸ்கார்ம் 1.2 இன்னும் ஓய்வு பெறவில்லை, புதிய பதிப்பான ஸ்கார்ம் 2004 வந்த பிறகும் பல இடங்களில் பழையதுதான் ஓடுகிறது. இலவசத் தளங்களில் பிரபலமான மூடுல்கூட 1.2ஐத்தான் ஒழுங்காக ஏற்கும், 2004ஐ ஆதரிப்பதில்லை.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? 1.2இல் கற்பவரின் நிலையைக் குறிக்க ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. "முடித்தார்", "தேறினார்", "தோற்றார்" எல்லாம் அந்த ஒரே கட்டத்துக்குள் வரவேண்டும். 2004இல் முடித்தாரா என்பதற்குத் தனிக் கட்டம், தேறினாரா என்பதற்குத் தனிக் கட்டம். ஆகவே மேலாளர் "எல்லாரும் முடித்தார்களா, அதில் யார் தேறவில்லை, இரண்டும் தனித்தனியாக வேண்டும்" என்று கேட்கிறவர் என்றால் அதை முதல் நாளே பேசிவிடுங்கள். இன்னொன்று: கற்பவர் விட்ட இடத்தை நினைவில் வைக்க 1.2 தருவது 4,096 எழுத்துகளுக்கான இடம் மட்டும். நீளமான பாடத்தில் அது நிரம்பிவிடும், அப்புறம் 60வது திரையில் நிறுத்தியவர் மறுநாள் வந்தால் வேறு எங்கோ போய் நிற்பார். குறை மென்பொருளில் இருக்கிறது என்று நினைத்து ஒரு வாரம் தேடுவீர்கள். பாடத்தை நாலாக உடைத்தால் போதும்.

எக்ஸ்ஏபிஐ, சிஎம்ஐ5 என்ற பெயர்களும் காதில் விழும். "இன்னார், இதைச் செய்தார்" என்ற வாக்கிய வடிவில், தளத்துக்கு வெளியே நடக்கும் கற்றலையும் பதிவு செய்யக்கூடியவை. நல்லவைதான், ஆனால் முதல் பாடத்துக்கு வேண்டாம்.

எல்எம்எஸ் எதுவுமே இல்லையா? நிம்மதி. ஒரு இணையப் பக்கமும் கடைசியில் ஒரு கூகுள் படிவமும் போதுமானதாக இருக்கலாம்.

படி 2: கருவியைத் திறக்காமல் பாடத்தை எழுதுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும், இதைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிக்கிறார்கள்.

நிபுணர் ஒருவர் நாற்பது ஸ்லைடு கொண்ட கோப்பைக் கொடுத்து "இதை இ-லேர்னிங் ஆக்கிக் கொடுங்கள்" என்பார். உடனே ஆக்க ஆரம்பிக்காதீர்கள். கேத்தி மூர் என்ற பயிற்சி வடிவமைப்பாளர் 2008இல் முன்வைத்த 'ஆக்‌ஷன் மேப்பிங்' என்ற முறையை அவருடைய தளத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். சுருக்கமாக: ஊழியர் வேலையில் என்ன செய்ய வேண்டும், இப்போது ஏன் செய்வதில்லை, அதைப் பழகிப் பார்க்க என்ன பயிற்சி தரலாம், அந்தப் பயிற்சிக்கு எந்தத் தகவல் இல்லாமல் முடியாது. இந்த வரிசையில் கேட்டுக்கொண்டே போனால் நாற்பது ஸ்லைடில் முப்பது வெளியே போய்விடும். சில சமயம் பாடமே தேவையில்லை, மேசையில் ஒட்டிவைக்க ஒரு பக்கக் குறிப்பு போதும் என்றுகூடத் தெரியவரும், அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அப்புறம் ஸ்டோரிபோர்டு, அதாவது ஒவ்வொரு திரையிலும் என்ன தெரியும், என்ன கேட்கும் என்று எழுதிவைக்கும் வரைவு. இதற்குத் தனி மென்பொருள் தேடவேண்டாம், கூகுள் டாக்ஸில் ஒரு அட்டவணை போட்டால் முடிந்தது. நிபுணர் ஓரத்திலேயே கருத்து எழுதலாம், பழைய வடிவங்களும் தானாகச் சேமிக்கப்பட்டிருக்கும். நம் பாடத்தில் ஒரு காட்சி இப்படி இருக்கும்:

திரையில்: ஹெட்செட் போட்ட ஊழியர், எதிரே ஒலிக்கும் போன்.
குரல்: "மூணாவது தடவையா கூப்பிடறேன், ஒருத்தரும் பதில் சொல்லல!"
கற்பவர் தேர்ந்தெடுப்பது: (அ) "உங்கள் கணக்கு எண்ணைச் சொல்லுங்கள்." (ஆ) "மூன்று முறை அழைக்க வைத்துவிட்டோம், மன்னியுங்கள். முந்தைய குறிப்புகளைப் பார்த்துக்கொண்டே பேசுகிறேன்." (இ) "அது வேறு பிரிவின் வேலை."
அ-வைத் தொட்டால்: "எண்ணை ஏற்கெனவே ரெண்டு தடவை கொடுத்தாச்சே!"

கடைசி வரியைக் கவனியுங்கள். "தவறான விடை, மீண்டும் முயலுங்கள்" என்று எழுதவில்லை. வாடிக்கையாளரே பதில் சொல்லிவிட்டார், கற்பவருக்குப் புரிந்துவிடும்.

இப்படிக் கிளை பிரியும் உரையாடல் மூன்று நிலைக்கு மேல் போனால் அட்டவணையில் தலை சுற்றும். அப்போது ட்வைன் என்ற இலவசக் கருவியைத் திறங்கள், உலாவியிலேயே ஓடும். ஒவ்வொரு காட்சியும் ஒரு பெட்டி, பெட்டிகளுக்கு நடுவே அம்புக்குறி. முட்டுச்சந்தில் போய் நிற்கும் கிளை எது என்று பார்த்தவுடன் தெரியும், சக ஊழியரிடம் கொடுத்து விளையாடிப் பார்க்கவும் சொல்லலாம்.

இந்தக் கட்டத்தில் யாராவது "பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மூன்று வகை, மூவருக்கும் தனித்தனிப் பாடம் வேண்டும்" என்று ஆரம்பித்தால் பணிவாக மறுத்துவிடுங்கள். 2008இல் ஹரோல்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்து, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அந்த நம்பிக்கை சாகமாட்டேன் என்கிறது.

படி 3: இப்போது பாடம் கட்டும் கருவி

பணம் கொடுக்காமல் தொடங்க என் தேர்வு எச்5பி. கேள்விகள், இழுத்துப் பொருத்துவது, நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கும் வீடியோ, கிளை பிரியும் கதை என்று ஏகப்பட்ட வகைகள் அதில் உண்டு. மூடுலுக்குள் ஏற்கெனவே இருக்கிறது, இணையத்தளம் கட்டும் வேர்ட்பிரஸுக்கும் செருகுநிரலாகக் கிடைக்கும். இரண்டும் இல்லாதவர்கள் லூமி என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவினால், எச்5பி பாடத்தைச் செய்து அதை எச்டிஎம்எல் ஆகவோ ஸ்கார்ம் கோப்பாகவோ வெளியே எடுக்கலாம். நம் ஐந்து நிமிடப் பாடத்துக்கு இது தாராளம்.

கொஞ்சம் தொழில்நுட்பப் பழக்கம் உள்ளவர்களுக்கு அடாப்ட், நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உருவான செர்ட்டே, இரண்டும் திறமூலம், அதாவது நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். நிறுவித் தர ஒரு ஆள் இருந்தால் நல்லவை, இல்லையென்றால் பாடம் எழுதும் நேரமெல்லாம் சர்வரோடு மல்லுக்கட்டுவதில் போய்விடும்.

வேலை தேடுபவர் என்றால் ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன், ரைஸ், அடோபி கேப்டிவேட், ஐஸ்பிரிங் ஆகிய பெயர்கள் வேலை விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வரும், அவற்றையும் பழகத்தான் வேண்டும். இலவசச் சோதனைக் காலம் கிடைக்கும். ஆனால் ஸ்டோரிபோர்டு, படம், ஒலி எல்லாம் தயாரான பிறகே அதைத் தொடங்குங்கள், வெறும் கையோடு தொடங்கினால் மெனுக்களைப் பார்ப்பதிலேயே நாள் ஓடிவிடும். ஸ்டோரிலைன் விண்டோஸில் மட்டும்தான் நேரடியாக ஓடும். ரைஸ் உலாவியில் ஓடுவதால் மேக் வைத்திருப்பவருக்கும் கவலையில்லை.

எந்தக் கருவியாக இருந்தாலும் ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: நாளைக்குச் சந்தாவை நிறுத்தினால் என் பாடத்தைத் திருத்த முடியுமா? இது வெறும் பயம் அல்ல. அடோபியின் ஃபிளாஷ் என்ற மென்பொருளில் கட்டிய பாடங்கள் உலகம் முழுக்க இருந்தன. அடோபி 2020 டிசம்பர் 31ஓடு ஆதரவை நிறுத்தி, 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் கோப்புகள் ஓடுவதையே தடுத்துவிட்டது. மூலப் படம், எழுத்து, ஒலி எல்லாவற்றையும் தனியாக வைத்திருந்தவர்கள் மறுபடி கட்டினார்கள். மற்றவர்கள் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

படி 4: குரலும் வீடியோவும்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் கற்பவர் பொறுத்துக்கொள்வார், குரல் இரைந்தால் பாடத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். விலை உயர்ந்த மைக்கைவிடத் திரைச்சீலையும் துணிமணியும் உள்ள அமைதியான அறை பெரிது.

குரலைப் பதிய ஆடாசிட்டி போதும், இலவசம். பேச ஆரம்பிக்கும் முன் ஐந்து விநாடி சும்மா இருங்கள். பிறகு அந்த மௌனத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, இரைச்சல் குறைப்பு என்ற விளைவில் 'இதுதான் இரைச்சல்' என்று அதற்குக் காட்டிக் கொடுத்துவிட்டு, முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து மறுபடி அதே விளைவைக் கொடுத்தால் மின்விசிறிச் சத்தம் அடங்கும். அளவாகக் கொடுங்கள், அதிகமானால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல ஆகிவிடும்.

திரையைப் பதிய ஓபிஎஸ் ஸ்டுடியோ. அமைப்பில் பதிவு வடிவத்தை எம்கேவி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி நடுவில் நின்றுபோனாலும் அதுவரை பதிந்தது மிஞ்சும், சாதாரண எம்பி4 என்றால் மொத்தமும் திறக்காமல் போகலாம். முடிந்த பிறகு ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். வெட்டி ஒட்ட ஷாட்கட், இன்னும் நேர்த்தி வேண்டுமென்றால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு.

திரையில் ஒரு பத்தியை முழுதாகப் போட்டு அதையே குரலிலும் வாசிக்காதீர்கள். கண் ஒரு வேகத்தில் படிக்கும், காது இன்னொரு வேகத்தில் கேட்கும், இரண்டும் ஒன்றையொன்று இடறும். உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகளில் வரும் விதி இது. திரையில் படமும் ஓரிரு சொற்களும் இருக்கட்டும், விளக்கம் குரலில் வரட்டும்.

ஆனால் வசன வரிகள் வேறு விஷயம். காது கேளாதவருக்கும், சத்தம் வைக்க முடியாத இடத்தில் இருப்பவருக்கும் அவை வேண்டும், கற்பவர் விரும்பினால் அணைத்துக்கொள்ளும்படி வையுங்கள். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் விஸ்பர் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியைச் சேர்த்துக்கொண்டால் பேச்சைத் தானாக எழுத்தாக்கும், தமிழையும் எழுதும், ஆனால் பிழைகளோடு. ஒவ்வொரு வரியையும் நீங்கள் திருத்தித்தான் ஆகவேண்டும். ஒரு சின்ன விஷயம்: எஸ்ஆர்டி கோப்பில் நேரம் 00:00:04,500 என்று காற்புள்ளியோடு இருக்கும், இணையத்துக்கான விடிடி கோப்பில் 00:00:04.500 என்று புள்ளியோடு இருக்கும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றி ஏற்றினால் வசனம் வராது. சப்டைட்டில் எடிட்டிலேயே விடிடி வடிவில் சேமியுங்கள்.

படி 5: படங்கள், உரிமங்கள்

கூகுளில் தேடி எடுத்துப் போட்ட படம் என்றைக்காவது வம்பு. பெக்ஸெல்ஸ், அன்ஸ்பிளாஷ், பிக்ஸாபே மூன்றிலும் பெயர் குறிப்பிடாமலேயே பயன்படுத்தலாம். ஆனால் பெக்ஸெல்ஸ் உரிமத்தில் ஒரு வரி உண்டு: அடையாளம் தெரியும் மனிதரை இழிவாகக் காட்டக்கூடாது. அலுவலகத் துன்புறுத்தல் பற்றிய பாடத்தில், அங்கிருந்து எடுத்த முகத்தைக் குற்றவாளியாக வைப்பது சரியாக அந்த வரியில் போய் மாட்டும். அப்படிப்பட்ட காட்சிக்கு ஓவியம் நல்லது. அன்டிராவில் எளிய ஓவியங்கள் இலவசம், நிறத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

ஓப்பன்வெர்ஸ், விக்கிமீடியா காமன்ஸ் இரண்டிலும் பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருக்கும். படைப்பாளர் பெயரைப் போடச் சொல்வது சிசி பிஒய். என்சி என்று சேர்ந்திருந்தால் வணிகப் பயன்பாடு கூடாது, நீங்கள் விற்கும் பாடத்தில் போடாதீர்கள். என்டி என்றால் மாற்றியமைத்ததைப் பகிரக்கூடாது. அதாவது படத்தின் மேல் அம்புக்குறி வரைந்து எழுத்தை மொழிபெயர்த்துப் பாடத்தில் வெளியிடும் வேலைக்கு ஆகாது. எடுக்கும்போதே தலைப்பு, படைப்பாளர், இணைப்பு, உரிமம் நான்கையும் ஒரு விரிதாளில் எழுதிவையுங்கள். பாடம் முடிந்த பிறகு தேடினால் கிடைக்காது.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், இலவசம். பழைய ஆவணத்திலிருந்து எழுத்தை ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் அது இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடு அல்ல, மாற்றித்தான் ஆகவேண்டும். புதிய கருவி எதுவானாலும் முதலில் "கொ, பௌ, ஸ்ரீ" என்று தட்டச்சு செய்து, அந்தக் கருவிக்குள் பார்த்ததோடு நிறுத்தாமல் வெளியே எடுத்த கோப்பிலும் பாருங்கள். சிலவற்றில் கொம்பு தனியே நடந்து போகும்.

படி 6: உடைத்துப் பாருங்கள்

ஸ்கார்ம் கோப்பு கையில் வந்ததும் நேரே அலுவலகத் தளத்தில் ஏற்றாதீர்கள். ஸ்கார்ம் கிளவுடில் அளவோடு ஒரு இலவசக் கணக்கு கிடைக்கும். அங்கே ஏற்றி ஓட்டினால் பாடம் தளத்துக்கு என்னென்ன அனுப்பியது என்பதைப் பதிவேட்டில் வரிவரியாகப் பார்க்கலாம். இதன் பெரிய பயன், சண்டையைத் தவிர்ப்பது. அங்கே "முடித்தார்" என்று சரியாக வந்து அலுவலகத் தளத்தில் வரவில்லை என்றால், அந்தத் தளத்தின் அமைப்பில்தான் முதலில் தேட வேண்டும். பாடத்தைப் பிரித்து மேய வேண்டியதில்லை. மூடுலில் எப்படி இருக்கும் என்று பார்க்க அவர்களே நடத்தும் சோதனைத் தளம் ஒன்று உண்டு, ஆசிரியராக நுழைந்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம், மணிக்கு ஒருமுறை எல்லாம் அழிந்து புதிதாகிவிடும்.

ஏற்றியவுடன் "மேனிஃபெஸ்ட் கிடைக்கவில்லை" என்று வந்தால் பதறவேண்டாம். யாரோ ஜிப்பைப் பிரித்து, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு, ஃபோல்டரையே மறுபடி ஜிப் செய்திருப்பார்கள். மேனிஃபெஸ்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு ஜிப்பைத் திறந்ததும் முதல் மட்டத்திலேயே இருக்க வேண்டும். ஃபோல்டருக்குள் போய், உள்ளே இருக்கும் கோப்புகளையெல்லாம் தேர்ந்தெடுத்து ஜிப் செய்யுங்கள், சரியாகிவிடும்.

அடுத்து, மவுஸைத் தள்ளிவைத்துவிட்டு டேப், என்டர் விசைகளை மட்டும் கொண்டு பாடத்தை முடித்துப் பாருங்கள். முடியவில்லையா, கை நடுக்கம் உள்ளவராலும் பார்வையற்றவராலும் முடியாது. இழுத்துப் பொருத்தும் கேள்விகள்தான் இங்கே அதிகம் மாட்டும். எழுத்தும் பின்னணியும் போதுமான அளவு வேறுபடுகின்றனவா என்று வெப்எய்ம் தளத்தின் நிறச் சோதனையில் பாருங்கள், சாதாரண எழுத்துக்கு 4.5:1 வேண்டும், அழகு என்று நினைத்துப் போடும் வெளிர் சாம்பல் எழுத்து அதில் அடிக்கடி தோற்கும். விண்டோஸில் என்விடிஏ என்ற, திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் இலவசத் திரைவாசிப்பானை நிறுவி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு திரையைக் கேட்டுப் பாருங்கள். "பட்டன், பட்டன், படம் 14" என்று அது வாசித்தால், பட்டன்களுக்குப் பெயரும் படங்களுக்கு விளக்கமும் எழுத வேண்டும் என்று பொருள்.

கடைசியாக, பாடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரை உட்காரவைத்து, நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் இருங்கள். எங்கே தயங்குகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரலை வகுப்பு எடுப்பவர்களுக்கு

ஜூம், மீட், டீம்ஸ் எதுவானாலும் வேலை ஒன்றுதான். திறமூலம் வேண்டுமென்றால் பிக்புளூபட்டன். கருத்துக்கணிப்புக்கு மென்டிமீட்டர், போட்டிக்குக் கஹூட், எல்லாரும் ஒரே பலகையில் எழுத பேட்லெட். ஒரு வகுப்புக்கு ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள், ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் நாலு பேர் "எனக்குத் திறக்கவில்லை" என்பார்கள், பாடம் போய்விடும்.

செயற்கை நுண்ணறிவு

சாட்ஜிபிடி போன்றவை கேள்விகளின் முதல் வரைவுக்கும், கோபமான வாடிக்கையாளராக நடித்துக் காட்டவும் நன்றாகவே உதவும். பல தேர்வுக் கேள்வி எழுதச் சொன்னால் சரியான விடை மட்டும் மற்றவற்றைவிட நீளமாக வந்து நிற்கிறதா என்று பாருங்கள், பாடம் படிக்காமலேயே அதைத் தொட்டுத் தேறிவிடலாம். உண்மைத் தகவல்களை நிபுணரிடம் சரிபார்க்காமல் விடாதீர்கள், நிறுவனத்தின் ரகசிய ஆவணத்தை அனுமதியில்லாமல் அதற்குள் ஒட்டவும் ஒட்டாதீர்கள்.

எங்கே கேட்பது, எதைச் சேமிப்பது

சந்தேகம் வந்தால் ஆர்ட்டிகுலேட்டின் இ-லேர்னிங் ஹீரோஸ் சமூகத்தில் தேடுங்கள், அந்த மென்பொருள் உங்களிடம் இல்லாவிட்டாலும் அங்கே உள்ள மாதிரிப் பாடங்களைப் பார்த்தாலே நிறையக் கிடைக்கும். மூடுலுக்கு அதன் சொந்த மன்றங்கள். தயாரான பாடப் பொருள் தேட ஓஇஆர் காமன்ஸ், மெர்லட். நல்ல ஆன்லைன் பாடம் கற்பவருக்கு எப்படி இருக்கும் என்று உணர, பிரிட்டனின் ஓப்பன் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்லேர்னில் ஏதாவது ஒன்றை மாணவராகச் சேர்ந்து முடித்துப் பாருங்கள்.

பாடம் வெளியான பிறகு "பிடித்திருந்ததா" என்ற படிவத்தோடு நிறுத்திவிடாதீர்கள். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இலேயே மதிப்பீட்டை நான்கு நிலையாகப் பிரித்துவிட்டார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. நம் பாடத்துக்கு மூன்றாவதைப் பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை: ஒரு மாதம் கழித்து, அனுமதி வாங்கிக்கொண்டு, சில அழைப்புப் பதிவுகளின் முதல் நிமிடத்தை மட்டும் கேளுங்கள்.

ஃபோல்டரை மூடும் முன் இவை உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள்: ஸ்டோரிபோர்டு, கருவியின் மூலக் கோப்பு, வெட்டாத ஒலி, வசனக் கோப்பு, படங்களும் உரிம விரிதாளும், கடைசியாக ஏற்றிய ஸ்கார்ம் ஜிப். ஜிப்பின் பெயரில் தேதியைப் போடுங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு' என்று பெயர் வைத்தால், ஆறு மாதம் கழித்துத் திருத்தம் கேட்டு வரும்போது எது தளத்தில் ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியாது.